பின் சீட்டை எடுத்தாயிற்று

திருவையாறு,
ஐப்பசிக் கடைசி

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் நீ ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் இருந்தாய். நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிட்டது. நாட் (Gnat) என்ற சண்டை விமானத்தின் பிளாஸ்டிக் மாதிரியை, துண்டுகளை ஒட்டிச் செய்கிற கிட்டிலிருந்து நான் செய்கிறேனே, அதைப் பற்றித்தான். அதனால்தான் இந்தக் கடிதம்.

"அந்தப் பழைய கிட்டோடு ஏன்ப்பா மல்லுக்கட்டுறீங்க? ஒற்றை சீட்டு நாட் புதுசாவே கிடைக்குது, வாங்கி அனுப்புறேன்" என்றாய். அனுப்ப வேண்டாம் பாப்பா. வீம்புக்குச் சொல்லவில்லை. காரணம் இருக்கிறது. கொஞ்சம் நீளமான காரணம், பொறுமையாகப் படி.

கவென்ட்ரியில் பழைய சாமான் சந்தையில் நீ வாங்கி அனுப்பிய பெட்டிக்குள் இருந்தது நாட் டி.1. பிரிட்டிஷ் விமானப்படை பயிற்சிக்கு வைத்திருந்த இரட்டை சீட்டு விமானம். ரெட் ஆரோஸ் குழுவினர் 1965 முதல் 1979 வரை சாகசம் காட்டியது அதில்தான். நம் நாட்டில் பெயர் வாங்கியது அதற்கு முன்னால் வந்த ஒற்றை சீட்டுச் சண்டை விமானம். 1956-இல் உரிமம் வாங்கி பெங்களூரில் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலை கட்டியது அதைத்தான். 1965 சண்டையில் பாகிஸ்தானின் சேபர் விமானங்களோடு மோதியதும், 1971 நவம்பர் 22 அன்று வங்காள எல்லையில் போய்ரா வானத்தில் நான்கு விமானங்களாகப் போய்ச் சண்டையிட்டதும், அதே ஆண்டு டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில் நிர்மல் ஜித் சிங் செகோன் எழும்பிப் போய்த் தனியாகப் போரிட்டுத் திரும்பாததும் அந்த ஒற்றை சீட்டில்தான். விமானப்படையில் பரம்வீர் சக்கரம் பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவரே. 1965-இல் எதிரி விமானதளத்தில் இறங்கிச் சிக்கிய நாட் ஒன்று இன்னும் கராச்சி அருங்காட்சியகத்தில் நிற்கிறது. இரட்டை சீட்டை அப்படியே ஒட்டி, மூவர்ண வட்டத்தை மட்டும் போட்டு வைத்தால் அது பொய் விமானம். எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஆனால் அது பாதிக் காரணம்தான். மீதியை உன்னிடம் சொன்னால் புரியும். நீயும் டிசைன் வேலை பார்க்கிறவள்.

நாட் விமானத்தை வரைந்தவர் பெட்டர் என்ற இங்கிலாந்துக்காரர். நம்மிடமும் இருந்த கான்பெரா குண்டுவீச்சு விமானமும் அவர் வரைந்ததுதான். விமானங்கள் வருஷத்துக்கு வருஷம் கனத்துக்கொண்டே போவது அவருக்குப் பிடிக்கவில்லை. சின்னதாக, லேசாக, மலிவாக ஒன்றைச் செய்து காட்டுகிறேன் என்று இறங்கினார். 1955 ஜூலையில் நாட் முதலில் பறந்தது. நீளம் 9 மீட்டருக்கு முன்பின், முழுப் பாரத்தோடு ஏறக்குறைய 4 டன். இப்போது தஞ்சாவூர் தளத்திலிருந்து நம் வீட்டு ஓடு அதிர எழும்பிப் போகிறதே சுகோய், அது 22 மீட்டர், முழுப் பாரத்தில் 38 டன்னுக்கு மேல். (விமானத் தொழிலை விட்டபிறகு பெட்டர் சுவிட்சர்லாந்துக்குப் போய் ஒரு மதக் குழுவோடு சேர்ந்து வாழ்ந்தாராம். எடை குறைப்பதில் கடைசிவரை போன மனுஷன்.)

எப்படிக் குறைத்தார் என்பதுதான் பிட்டராக இருந்த எனக்குச் சுவை. ஒரு உறுப்புக்கு இரண்டு வேலை கொடுத்தார். விமானத்தை வேகம் குறைக்கத் தனி ஏர்பிரேக் வைக்கவில்லை. சக்கரத்தைப் பாதி இறக்கினால் அதன் மூடிக் கதவுகளே காற்றைத் தடுக்கும். இறக்கையின் பின் விளிம்பில் விமானத்தைச் சாய்க்கிற ஏலரானே, இறங்கும்போது இரண்டு பக்கமும் சேர்ந்து தாழ்ந்து, மெதுவாக இறங்க உதவுகிற ஃபிளாப் வேலையும் பார்க்கும். பயிற்சி விமானம் செய்தபோது இந்தச் சிக்கனத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார்கள். இறக்கையைப் பெரிதாக்கி, ஏலரானை வெளிப்பக்கம் தள்ளி, உள்பக்கம் தனி ஃபிளாப் வைத்தார்கள். பழகுகிற பையன் மெதுவாக இறங்கவேண்டும், அதுவும் நியாயம்தான். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முதல் விமானத்தில் ஒருவர் யோசித்தது எங்கே முடிந்தது, அடுத்ததில் எங்கே ஆரம்பித்தது என்று விரலால் தொடலாம். புதுக் கிட் வாங்கினால் அதை யாரோ எனக்காக முடித்துத் தந்திருப்பார்கள். வெட்டித் தேய்த்தால்தான் வித்தியாசம் கையில் ஏறும்.

இனி வேலை. அளவு 72-இல் ஒன்று. இரட்டை சீட்டின் இறக்கை நுனிக்கு நுனி 24 அடி, கிட்டில் 101 மில்லிமீட்டர் சொச்சம். ஒற்றை சீட்டு 22 அடி 1 அங்குலம், 93 மில்லிமீட்டர் சொச்சம். பக்கத்துக்கு 4 மில்லிமீட்டர் நறுக்கினால் ஆயிற்று என்று தோன்றும். ஆகாது. பரப்பளவு 175 சதுர அடியிலிருந்து 136.6-க்கு இறங்குகிறது. நுனியை மட்டும் வெட்டினால் அகலம் மிஞ்சும். பின் விளிம்பையும் சேர்த்துக் குறைக்கவேண்டும். குறைத்ததும் விளிம்பு தடித்துப் போகும். ஒரு மில்லிமீட்டர் தடிமன் என்றால் நிஜத்தில் 7 சென்டிமீட்டர். அந்தத் தடிமனில் எந்த இறக்கை பறக்கும்? இறக்கை இரண்டு பாதியையும் உள்பக்கமாகத் தேய்த்து, பிறகு ஒட்டினேன். அம்மா திண்ணை முழுக்க வெள்ளைத் தூள் என்று முறைத்தாள். வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்தால் தூள் பறக்காது. முகத்தில் துணியும் கட்டிக்கொள்கிறேன், நீ கவலைப்படாதே.

உடல்தான் பெரிய தலைவலி. இரண்டாவது ஆளுக்காக நீட்டிய நீளத்தில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் எடுக்கவேண்டும். எங்கே எடுப்பது? விமானத்தின் உடல் குழாய் இல்லையே, மூக்கிலிருந்து பருத்துக்கொண்டே வருகிறது. நடுவில் ஒரு துண்டை எடுத்துவிட்டு முன்னையும் பின்னையும் சேர்த்தால் படிக்கட்டு விழும். ஆகவே பருமன் மாறாமல் போகிற இடத்தைத் தேடி, டிவைடர் வைத்து அளந்து, நிஜ விமானத்தில் தகடு சேர்கிற கோட்டிலேயே ரம்பத்தை வைத்தேன். பொன்மலை ரயில் பட்டறையில் பெட்டி உடம்பில் ஒட்டுப் போடும்போது இதே கணக்குத்தான். ஒட்டு தெரியத்தான் போகிறது என்றால், ஒட்டு இருக்கவேண்டிய இடத்திலேயே தெரியட்டும். சேர்க்கும்போது ஒரு அலுமினிய ஆங்கிளில் சாய்த்து வைத்து நேர் பிடித்தேன்.

இந்த பிளாஸ்டிக் என்ன தெரியுமா? நீ பள்ளிக்கூடத்தில் கோபுரம் செய்ய வெட்டினாயே தெர்மாகோல், அதே பாலிஸ்டைரின். அது ஊதியது, இது ஊதாதது. அதனால்தான் கிட் பசை இரண்டு பக்கத்தையும் கரைத்து ஒன்றாக்குகிறது. ஒட்டுவது என்று சொல்வதைவிட வெல்டிங் என்று சொல்வதே சரி. இடைவெளிக்குப் பட்டி பார்க்க நிறையப் பேர் எம்-சீல் போடுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. காய்ந்தால் அது பிளாஸ்டிக்கைவிடக் கெட்டி. தேய்க்கும்போது பக்கத்துப் பிளாஸ்டிக்தான் குழிவிழும். கிட்டின் மிச்சச் சட்டங்களைப் பொடியாக நறுக்கிப் பசையிலேயே ஊறவைத்தால் கூழாகும். அதை அப்பினால் பட்டியும் உடலும் ஒரே பொருள், அரம் இரண்டையும் ஒரே மாதிரி கடிக்கும். என்ன, காய நாளாகும்.

அடுத்தது ரிவெட், தகடுகளைச் சேர்க்கிற ஆணித் தலை. 1960-களின் அச்சு, உடம்பெல்லாம் அம்மை வார்த்த மாதிரி குமிழ் குமிழாக. ஒரு குமிழின் உயரம் 0.3 மில்லிமீட்டர் இருக்கும், 72-ஆல் பெருக்கு: இரண்டு சென்டிமீட்டர். பொன்மலையில் கொதிகலனுக்குக்கூட அவ்வளவு பெரிய ரிவெட் வைக்கப் பயப்படுவார்கள். எல்லாவற்றையும் வழித்துவிட்டு, தகட்டுக் கோடுகளை ஊசியால் புதிதாகக் கீறினேன். பழைய ஃபிளாப் கோட்டை அடைத்து ஏலரானை உள்பக்கம் கீறியபோதுதான் அது நம்ம நாட் ஆயிற்று என்று தோன்றியது. காற்று இழுக்கும் வாயின் இரண்டு பக்கமும் 30 மில்லிமீட்டர் பீரங்கிக்கு ஓட்டை போட்டேன். பயிற்சி விமானத்தில் பீரங்கி கிடையாது.

மூக்கு குட்டையானதால் இன்னொரு சங்கடம். முன்சக்கர விமானம் மூக்கில் எடை இல்லாவிட்டால் வாலில் உட்கார்ந்துவிடும். மூக்கு குறைந்தால் இடமும் குறையும், நெம்பு தூரமும் குறையும், ஆனால் எடை அதிகம் வேண்டும். படித்துறையில் வலை வீசுகிறவரிடம் வீச்சு வலை ஈயக்குண்டு கேட்டு வாங்கித் தட்டி நுழைத்தேன். வெள்ளைப் பசையில் ஈயத்தைப் பதிக்கக் கூடாது, நாளாவட்டத்தில் ஈயம் பூத்து ஊதி உடலையே பிளக்கும். எபாக்சிதான் போட்டேன்.

கண்ணாடி மூடிக்கு வீணை செய்கிற பட்டறையிலிருந்து பலாக்கட்டைத் துண்டு ஒன்று கிடைத்தது. அதில் ஒற்றை ஆள் மூடியின் வடிவத்தைச் செதுக்கி, குளிர்பானப் பாட்டிலுக்குள் வைத்து, செல்போன் ரிப்பேர் கடைத் தம்பியிடம் சூடுகாற்றுத் துப்பாக்கி இரவல் வாங்கி ஊதினேன். பாட்டில் சுருங்கிக் கட்டையைக் கவ்விக்கொண்டது. வெட்டி எடுத்தால் மூடி. கிட்டில் வந்த விமானிகள் இரண்டு பேரில் ஒருவருக்கு வேலை போய்விட்டது, தீப்பெட்டிக்குள் இருக்கிறார்.

இப்போது நிற்பது வண்ணத்தில். 1965 விமானங்கள் வண்ணமில்லாத வெறும் உலோக நிறம். அந்த நிறம் எந்தக் கீறலையும் மன்னிக்காது. போதாததற்கு அடைமழை. சம்பா வயலுக்கு நல்லது, லேக்கருக்கு ஆகாது. ஈரக்காற்றில் அடித்தால் வெளுத்துப் புகை படியும். தை வரட்டும் என்று துணி போட்டு மூடி வைத்திருந்தேன். அம்மா வந்து பார்த்துவிட்டு, "எதுக்குப் பெயிண்ட்? தகடு ஒட்டுங்க" என்றாள். தஞ்சாவூர் ஓவியத்துக்குத் தங்கத்தாள் ஒட்டுகிற கை அது, உனக்குத் தெரியும். மூக்கு வளைவில் தகடு சுருங்குமே என்றேன். "முழுசா ஏன் ஒட்டறீங்க? நீங்கதான் கோடு கோடா கீறி வச்சிருக்கீங்களே, கட்டம் கட்டமா ஒட்டினா சுருங்காது" என்றாள். நிஜ விமானமும் கட்டம் கட்டமாகத் தகடு வைத்துத்தானே செய்தது? எனக்கு ஏன் தோன்றவில்லை என்று அவளிடம் கேட்கவில்லை. சாக்லேட் சுற்றி வருகிற அலுமினியத் தாளைச் சேர்த்து வைத்திருக்கிறாள். வால் பக்கம் நாலு கட்டம் முடிந்திருக்கிறது. பஞ்சால் நீவினால் பளபளக்கிறது. சாய்வு மாற்றி ஒட்டினால் கட்டத்துக்குக் கட்டம் மினுக்கம் வேறாகத் தெரிகிறது. பெயிண்டில் அது வராது.

நீ தைக்கு வரும்போது புதுக் கிட் வேண்டாம். பல் பொடியான ரம்ப பிளேடு அங்கே கிடைக்கும், இரண்டு வாங்கி வா. இங்கே கிடைக்கிற ஹேக்சா இந்த வேலைக்குத் தடிமன். அம்மாவுக்கு முடி மாதிரி மெல்லிய பிரஷ் ஒன்று வேண்டுமாம், வட்டம் அவள்தான் போடப்போகிறாள்: நடுவில் பச்சை, அப்புறம் வெள்ளை, வெளியே காவி. மாப்பிள்ளையிடம் சாக்லேட் வாங்கச் சொல், தாள் கிழியாமல் பிரிக்கவும் சொல். திருச்சியில் இறங்கும் நேரம் தெரிந்ததும் போன் பண்ணு, வண்டி சொல்லவேண்டும்.

அன்புடன்,
அப்பா