கண்மாய்த் திருப்பணி நிறைவு அறிக்கை

நம் கண்மாயில் பாசனம் பெறும் ஆயக்கட்டுதாரர் அனைவருக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

பொதுக்குழுவில் ஒத்துக்கொண்ட வேலைகள் முடிந்துவிட்டன. ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவரும் வரத்துக்கால், ஆற்றுத் தலைவாயிலிருந்து கண்மாய் வரை அடைப்பில்லாமல் திறந்து கிடக்கிறது. கரை கட்டியாகிவிட்டது. வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மூன்று மடைகளுக்கும் புது ஷட்டர் பூட்டியாகிவிட்டது. மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடும் கலுங்கில் இருந்த வெடிப்பையும் அடைத்தாயிற்று. எந்த வேலைக்கு எவ்வளவு என்ற கணக்கு சங்கக் கட்டடச் சுவரில் ஒட்டியிருக்கிறது. ரசீதுக் கட்டு பொருளாளரிடம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். ஆகவே இந்த அறிக்கையில் ரூபாய்க் கணக்கைவிட, ஏன் இந்த வேலையை இப்படிச் செய்தோம், செய்தது நிலைக்க நாம் ஒவ்வொருவரும் எதை விட்டுக்கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறோம் என்பதைத்தான் விரிவாக எழுதுகிறோம்.

ஆற்றுப் பங்கும் தலைவாயும்

நம் கண்மாய், அணை வருவதற்கு முன்பிருந்தே ஆற்றை நம்பியிருக்கும் வைகைப் பூர்வீகப் பாசனத்தின் இரண்டாம் பகுதியில், விரகனூர் மதகணைக்கும் பார்த்திபனூர் மதகணைக்கும் நடுவே இருக்கிறது. பூர்வீகப் பாசனம் மொத்தம் 1,36,109 ஏக்கர். இதில் மதுரைப் பக்கம் 27,529 ஏக்கர், நம் சிவகங்கை 40,743, கடைசியில் இருக்கிற ராமநாதபுரம் 67,837. பூர்வீகப் பாசனத்துக்கு உரிய அணைத் தண்ணீரை ராமநாதபுரத்துக்கு 7, சிவகங்கைக்கு 3, மதுரைக்கு 2 என்று பிரிப்பது முறை. இளைய உறுப்பினர்கள் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. அணை நிரம்பிக் கிடக்கிறதே, நமக்கு ஏன் இன்னும் திறக்கவில்லை என்ற கேள்வி ஒவ்வொரு வருஷமும் வருகிறது. 1959-ல் திறந்த வைகை அணை 71 அடி நிரம்பினாலும் கொள்வது சுமார் 6 டி.எம்.சி.தான் (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). குடிநீருக்கு, பெரியாறு பாசனத்துக்கு, அப்புறம் நமக்கு. நமக்குக் கீழேயும் ஆள் இருக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்து, 2017 ஜனவரியில் 32 மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்களாக அரசு அறிவித்தது. அந்த மாதிரி வருஷத்தில் 7, 3, 2 எல்லாம் ஏட்டோடு நின்றுவிடும்.

ஆற்றில் தண்ணீர் வந்தாலும் நமக்கு ஏறாமல் போவது தனிக் கதை. தலைவாயின் பழைய கருங்கல் படியில் நின்று பார்த்தால் ஆற்று மணல் இடுப்பளவு கீழே கிடக்கிறது. மணலுக்குள் புதைந்திருக்க வேண்டிய அஸ்திவாரக் கற்கள் வெளியே தெரிகின்றன. வருஷக்கணக்காக மணல் அள்ளி ஆறு தாழ்ந்துபோனதால், முன்பு முழங்கால் தண்ணீர் ஓடினாலே வாய்க்காலில் திரும்பிய ஆறு, இப்போது பெருவெள்ளம் வந்தால்தான் நம்மை எட்டிப் பார்க்கிறது. இதற்கு நிரந்தரத் தீர்வு ஆற்றின் குறுக்கே தடுப்பணைதான். அது அரசு செய்ய வேண்டிய வேலை, மனு கொடுத்திருக்கிறோம். நம்மால் முடிந்ததை நாம் செய்தோம். வரத்துக்காலின் முதல் பகுதியை மட்டம் பார்த்து, கண்மாய் வரை வாட்டம் கெடாமல் ஆழப்படுத்தினோம். தண்ணீர் திறக்கும் அறிவிப்பு வந்ததும் துறையின் அனுமதியோடு ஆற்றில் சாய்வாக மணல் அணை போட ஆட்களும் சாக்குகளும் தயாராக இருக்கின்றன.

வரத்துக்காலின் அகலம் பல இடங்களில் பாதியாகச் சுருங்கியிருந்தது. புலப்படத்தை வைத்து நில அளவர் அளந்து கல் ஊன்றினார். கல் ஊன்றிய அன்றே, வரத்துக்காலை ஒட்டி உழுதுகொண்டிருந்த உறுப்பினர்கள் தாங்களாகவே வேலியைப் பிரித்தார்கள். ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ல் வந்த சட்டம் இருக்கிறது, நோட்டீஸ் கொடுத்து எடுத்திருக்கலாம். அதற்கு வேலையில்லாமல் போனது நம் ஊருக்குப் பெருமை. இந்த உறுப்பினர்களுக்குக் குழு மனமார நன்றி சொல்கிறது.

உள்வாய்

குழுவுக்குள் பெரிய வாக்குவாதம் நடந்தது, கண்மாயின் தண்ணீர் நிற்கும் உட்பகுதியான உள்வாயை எவ்வளவு ஆழம் தோண்டுவது என்பதில்தான். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். தோண்டத் தோண்ட அதிகத் தண்ணீர் நிற்கும், அவ்வளவுதானே என்பார்கள். மடையின் வாய் எந்த மட்டத்தில் இருக்கிறதோ அதற்குக் கீழே நிற்கும் தண்ணீர் ஒரு சொட்டுகூட வயலுக்குப் பாயாது. கிணறு இல்லாதவர்களுக்கு அந்தத் தண்ணீரால் பயனில்லை. கிணறு வைத்திருப்பவர்களுக்கோ அது பூமியில் இறங்கி ஊற்றாக வரும். ஆக, ஆழம் என்ற பேச்சுக்குள் இருந்தது யாருக்குத் தண்ணீர் என்ற கேள்விதான். இதை வெளிப்படையாகப் பேசிய பிறகுதான் முடிவுக்கு வர முடிந்தது.

முடிவு இதுதான்: மேலே படிந்த வண்டலை மட்டும், மடை மட்டம் வரை எடுப்பது. அதற்குக் கீழே இருக்கும் களிமண் அடுக்கைத் தொடக் கூடாது. அந்தக் களிதான் தண்ணீரைத் தாங்கி நிறுத்துகிறது. அதைக் கிழித்துவிட்டால் கண்மாய் நிரம்பிய சில வாரங்களிலேயே வற்றிவிடும். மடைகளுக்கு எட்டத்தில், கிழக்கு மூலையில் மட்டும் ஒரு பள்ளத்தை ஆழமாக விட்டோம். கோடையில் மாடுகள் குடிக்கவும், மீன் தங்கவும், நிலத்துக்குள் நீர் இறங்கவும் அது போதும்.

வண்டல் அள்ள முதலில் வந்தவர், வண்டி ஏற வசதி என்று கரையின் காலடியிலேயே வெட்ட ஆரம்பித்தார். அப்படி வெட்டினால் முதல் வெள்ளத்திலேயே கரை சரிந்துவிடும். வேலையை அன்றே நிறுத்தி, அந்தக் குழியில் களிமண் கொட்டி, தண்ணீர் தெளித்து, திமிசு போட்டு மூடிய பிறகே மேற்கொண்டு விட்டோம். எடுத்த வண்டல் முழுவதும் தாலுகா அலுவலக அனுமதியோடு நம் வயல்களுக்கே போனது. செங்கல் சூளைக்கு ஒரு வண்டிகூடப் போகவில்லை.

சீமைக்கருவேலத்தைத் தூரோடு பெயர்த்தோம். வெட்டிவிட்டால் மட்டும் போதாது, அடுத்த மழையிலேயே பத்துக் கிளையாகத் தழைத்துவிடும். நாட்டுக்கருவேல மரங்களை விட்டுவைத்தோம். கரையின் வெளிச்சரிவில் பள்ளிப் பிள்ளைகள் பனை விதை ஊன்றியிருக்கிறார்கள். ஆடுகளை அந்தப் பக்கம் விட வேண்டாம்.

கலுங்கு

கலுங்கை ஒரு அடி உயர்த்தலாம் என்று சிலர் கேட்டார்கள். குழு ஒத்துக்கொள்ளவில்லை. உயர்த்தினால் மேற்கே உள்வாயை ஒட்டிய பட்டா நிலங்கள் மூழ்கும். கலுங்கு வழிந்து போகும் நம் மறுகால் தண்ணீரை நம்பியிருக்கிற கீழ்க் கண்மாய் காயும். மேல் கண்மாய்க்காரர்கள் நமக்கு இதைச் செய்தால் நாம் சும்மா இருப்போமா? பழைய கலுங்குக் கற்களின் உயரமே இன்னும் அளவு. மழைக்காலத்தில் கல் இடுக்கில் மண்ணும் ஓலையும் திணிக்கும் பழக்கத்தையும் இத்தோடு விட்டுவிடுவதாக இரண்டு ஊரும் பேசி எழுதியிருக்கிறோம்.

கிணறுகள்

இனி சொல்வதுதான் முக்கியம். ஆற்றுத் தண்ணீர் பொது, கிணற்றுத் தண்ணீர் என்னுடையது என்ற நினைப்பு நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. கண்மாய் பெருகிய வருஷம் கரைக்கு வெளியே இருக்கிற கிணறுகளில் ஊற்று பொங்குவதையும், கண்மாய் காய்ந்த வருஷம் அதே கிணறுகள் இறங்குவதையும் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இரண்டும் ஒரே தண்ணீர். மேலே நிற்கும்போது கண்மாய், கீழே போனால் கிணறு.

கீழே எவ்வளவு இருக்கிறது என்பதிலும் தப்புக் கணக்கு உண்டு. நம் ஆயக்கட்டின் மேற்குப் பாதி பாறை நிலம். உளுத்த பாறையில் 100 கன அடிக்கு 1 முதல் 3 கன அடி வரைதான் தண்ணீர் எடுக்கும்படியாக இருக்கும். நிலப்பரப்பு முழுவதும் ஒரு அடி உயரத்துக்கு நிற்கும் அளவு தண்ணீர் இறைத்தால் கிணற்று மட்டம் முப்பது அடிக்கு மேல் இறங்கிவிடும் என்று இதற்கு அர்த்தம். நல்லவேளையாக, ஏறும்போதும் அதே கணக்கில் ஏறும். ஆற்று மணலில் இந்த அளவு 12 முதல் 20 வரை. மணல் போனபோது ஆற்றின் மட்டம் தாழ்ந்ததோடு, ஆற்றோரக் கிணறுகளுக்கு இருந்த பெரிய சேமிப்பும் சேர்ந்தே போய்விட்டது.

போர்வெல்லை ஆழப்படுத்துவதில் முடிவே கிடையாது. பக்கத்து வயல்காரர் ஆழப்படுத்தினால் நாமும் ஆழப்படுத்த வேண்டியிருக்கிறது. 1990 முதல் விவசாய மோட்டாருக்கு மின்சாரம் இலவசம். அது இல்லாவிட்டால் நம்மில் பலர் விவசாயத்தை விட்டிருப்போம், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் மோட்டார் ஓடும் நேரத்துக்கு நாமே வைத்துக்கொள்ளும் கட்டுப்பாட்டைத் தவிர வேறு கட்டுப்பாடு இல்லை. நிலத்தடி நீருக்கென்று 2003-ல் சட்டசபையில் நிறைவேறிய சட்டமும் 2013-ல் நீக்கப்பட்டுவிட்டது. பல கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவான பிர்கா ஒவ்வொன்றுக்கும் அரசு கணக்கெடுக்கிறது. வருஷத்துக்கு ஊறுவதில் 70 சதவீதத்துக்குள் எடுத்தால் பாதுகாப்பான பிர்கா, 100-ஐத் தாண்டினால் மிதமிஞ்சி உறிஞ்சிய பிர்கா. அந்தக் கணக்கு பிர்கா முழுவதற்கும். நம் ஆயக்கட்டின் நிலவரம் தெரிய நாமே அளந்தால்தான் உண்டு.

அதனால் கரையடியில் ஒன்று, நடு ஆயக்கட்டில் ஒன்று, கடைமடையில் ஒன்று என்று மூன்று கிணறுகளின் உட்சுவரில் அடிக்கணக்கு எழுதியிருக்கிறோம். மட்டம் அதற்கும் கீழே போனால் முடிச்சுப் போட்ட கயிற்றில் கல்லைக் கட்டி அளக்க வேண்டும். ஒவ்வொரு அமாவாசை அன்றும் காலையில், மோட்டார் போடுவதற்கு முன்னால், இளைஞர்கள் அளந்து சங்கப் பலகையில் எழுதுவார்கள். கிணற்றுச் சொந்தக்காரர்கள் மூவரும் சம்மதம் தந்தது பெரிய காரியம். தன் கிணற்றின் இருப்பை ஊருக்குக் காட்ட எல்லோருக்கும் மனது வராது.

ஒப்பந்தம்

தீர்மானப் புத்தகத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டதை இங்கே திரும்பச் சொல்கிறோம். கண்மாய் பாதிக்கு மேல் இருக்கும் வரை எல்லோருக்கும் முறைப்படி பாசனம். பாதிக்குக் கீழே இறங்கியதும் முதல் முறை கடைமடைக்கு. அதன்பின் கிணறு உள்ளவர்கள் தங்கள் கிணற்றைக் கொண்டு பயிரைக் கரையேற்றிக்கொள்ள, கண்மாயில் மிச்சம் இருப்பது கிணறு இல்லாத வயல்களுக்கு. கிணற்றுக்காரர்கள் இதைத் தானமாகக் கொடுக்கவில்லை. அவர்களுக்கு ஊற்று தருவதும் எல்லோரும் சேர்ந்து வெட்டிய இந்தக் கண்மாய்தான்.

நடு ஆயக்கட்டுக் கிணற்றின் மட்டம் உட்சுவரில் போட்டிருக்கும் சிவப்புக் கோட்டுக்குக் கீழே போன வருஷத்தில் இரண்டாம் போகமாக யாரும் நெல் நடுவதில்லை. நெல்லுக்கு 1,200 மில்லிமீட்டர் அளவுக்குத் தண்ணீர் வேண்டும். உளுந்துக்கு 300 இருந்தால் தேறிவிடும். ஒருவர் நெல்லுக்கு இறைக்கும் தண்ணீரில் நாலு பேர் உளுந்து எடுக்கலாம். உள்வாயிலும் கரையடியிலும் புது போர் போடுவதில்லை என்பதும் தீர்மானம். யாராவது மீறினால் பொதுக்குழுவில் வைத்துப் பேசுவது, மடை முறையில் அவரைக் கடைசிக்குத் தள்ளுவது என்று முடிவாகியிருக்கிறது. அந்த நிலை வரக் கூடாது என்பதே குழுவின் ஆசை.

வரவு செலவு, மிச்ச வேலை

ஏக்கர் வரி, மீன் பாசி ஏலம், சீமைக்கருவேல மரத்தைக் கரிமூட்டக்காரர்களுக்கு ஏலம் விட்ட தொகை, வெளியூரில் இருக்கிற நம் பிள்ளைகள் அனுப்பிய நன்கொடை ஆகியவை வரவு. அதிகம் செலவானது மண் வேலைக்கும் ஷட்டருக்கும். காசாகத் தர முடியாதவர்கள் ஆள் வேலையாகச் செய்தார்கள். அந்த நாள்களும் கணக்கில் வரவாகவே எழுதப்பட்டிருக்கின்றன.

நடு மடையின் பின்னால் வாய்க்காலுக்கு இன்னும் கல் பதிக்கவில்லை. தெற்குக் கரையில் புது மண் ஒரு மழைக்கு அமர்ந்த பிறகு மேலும் ஒரு அடுக்குப் போட வேண்டும். இரண்டுக்கும் அடுத்த மீன் ஏலத் தொகையை ஒதுக்கியிருக்கிறோம். ஷட்டர் சாவி, முறைப்படி மடை திறந்துவிடும் நீர்ப்பாய்ச்சியிடம் மட்டுமே இருக்கும். குழு உறுப்பினர்களும் அவரைக் கேட்காமல் மடையைத் தொட மாட்டோம். அவருக்கான நெல்லை இந்த வருஷம் முதல் அறுவடையன்றே களத்தில் அளந்து கொடுத்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். ஏக்கர் வரி பாக்கி இருப்பவர்கள் ஆடி முடிவதற்குள் பொருளாளரிடம் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளவும்.

திருப்பணிக் குழு