மழை பெய்தும் வறண்ட மலை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த ஸ்லோவேனியப் பயணக் கட்டுரையில், அந்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான திரிக்லாவைப் பற்றிய பகுதியை ஆர்வத்துடன் படித்தேன். 'மூன்று தலை' என்னும் பெயர்ப்பொருளைக் கூட விடாமல் எழுதியுள்ள கட்டுரையாளர், மழை குறைவு என்பதால்தான் 2,864 மீட்டர் உயரமுள்ள அம்மலையின் மேற்பகுதியில் ஓடைகள் இல்லை என்று கூறியிருப்பது சரியன்று. உச்சிக்கு அருகே, 2,515 மீட்டர் உயரத்திலுள்ள கிரெடாரித்சா வானிலை நிலையத்தில், மழையும் பனியுமாக ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர் பதிவாகிறது. பெய்வதில் குறையில்லை, பெய்த நீர் மேலே நிற்பதில்லை.

காரணம் பாறையில் இருக்கிறது. இருபது கோடி ஆண்டுகளுக்கும் முன், ட்ரயாசிக் காலத்தின் பிற்பகுதியில், ஆழமற்ற வெப்பக் கடலில் அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய சுண்ணாம்புக்கல் அது. கண்டத்தட்டுகள் மோதி ஆல்ப்ஸ் எழுந்தபோது அந்தக் கடல்தளமும் உடன் எழுந்தது. வடக்கே ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் செங்குத்தாக நிற்கும் பாறைச்சுவரைப் பின்னர் பனியாறுகள் செதுக்கின. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிச் சுண்ணாம்பைத் தின்கிறது. வெடிப்புகள் குழிகளாகவும், குழிகள் குகைகளாகவும் விரிய, நீர் முழுவதும் உள்ளே இறங்கிவிடுகிறது. இத்தகைய நிலத்துக்குப் புவியியலில் வழங்கும் 'கார்ஸ்ட்' என்ற பெயரே, அதே நாட்டின் தென்மேற்கிலுள்ள கிராஸ் பீடபூமியின் பெயருக்கு ஜெர்மானியர் தந்த வடிவந்தான் என்பதைக் கட்டுரையாளர் சொல்லாமல் விட்டது எனக்குச் சற்று ஏமாற்றமே.

சில ஆண்டுகளுக்கு முன் என் மகளுடன் அங்கு நடந்தபோது, மழை அரித்த விரலகலப் பள்ளங்களுக்கு இடையே பாறை கத்திமுனையாக நின்றதைக் கண்டேன். பிடிமானத்துக்காகக் கை வைத்த இடத்தில் உள்ளங்கை சிராய்த்தது. ஓரிடத்தில், ஈரமண்ணில் மாடு மிதித்த குளம்புத்தடம் போன்ற வெள்ளை வடிவங்கள் கல்லில் தெரிந்தன. அவை அக்கடலில் வாழ்ந்த மெகலோடான் என்னும் தடித்த சிப்பிகளின் குறுக்குவெட்டு. நாங்கள் தங்கிய மலைக்குடிலிலோ, கூரையிலிருந்து வடியும் மழைநீரைத் தொட்டியில் சேர்த்து அளந்து செலவிட்டனர்.

மறைந்த நீர் கீழே வெளிப்படாமல் இல்லை. திரிக்லாவ் ஏரிப் பள்ளத்தாக்கில் மண்ணுக்குள் போகும் நீர், சாவித்சா அருவியாகப் பாறைமுகத்தைப் பிளந்துகொண்டு வந்து போஹின் ஏரியில் சேர்கிறது. அங்கிருந்து சாவா ஆற்றின் வழியே டான்யூபை அடைந்து கருங்கடலுக்குப் போகிறது. மலைத்தொடரின் மறுபுறத்து நீரோ சோச்சா ஆற்றில் கலந்து அட்ரியாட்டிக் கடலுக்குச் செல்கிறது. 1946இல் 14 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த பனியாறு உச்சிக்குக் கீழே ஓரளவு நீரைத் தேக்கி வைத்திருந்தது. இன்று அதில் ஒரு ஹெக்டேர் கூட மிஞ்சவில்லை.

மாணவர்களும் படிக்கும் பகுதி என்பதால், மழை குறித்த அந்த வரிக்கு அடுத்த இணைப்பில் ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
திண்டுக்கல்.