சான் மரீனோ பிழைத்தது அதிர்ஷ்டத்தால் அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஐரோப்பாவின் குட்டி நாடுகளைப் பற்றி வந்த கட்டுரையில், நாலு பக்கமும் இத்தாலி சூழ்ந்த தனி நாடான சான் மரீனோவுக்கு ஒரே ஒரு பத்திதான் கிடைத்திருந்தது. அதுவும், ரொம்பச் சின்ன இடம் என்பதால் யாரும் கண்டுகொள்ளவில்லை, அதனால் தப்பித்தது என்கிற தொனியில். முப்பது வருடம் பள்ளியில் வரலாறு நடத்திய எனக்கு அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

யாரும் கண்டுகொள்ளாமல் இல்லை. 1739 அக்டோபரில் போப்பின் பிரதிநிதியான கார்டினல் அல்பெரோனி படையோடு வந்து நாட்டைப் பிடித்தார். ஊர்ப் பெரியவர்களைத் தேவாலயத்துக்கு வரவழைத்து, பூசை நடக்கும்போதே போப்பின் ஆட்சிக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்கச் சொன்னார். சிலர் எடுத்தார்கள். மற்றவர்களோ, படை ஊருக்குள் நிற்கிறது என்று தெரிந்தும், கார்டினலின் முகத்துக்கு நேராகவே முடியாது என்றார்கள். அந்தக் காட்சியை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குக் குரல் கம்மிவிடும். விஷயம் ரோமுக்கு எட்டியது. போப் பன்னிரண்டாம் கிளமென்ட் விசாரிக்க ஆள் அனுப்பினார். 1740 பிப்ரவரி 5, புனித அகத்தா திருநாளன்று, சுதந்திரம் திரும்பக் கிடைத்தது. இன்றைக்கும் அங்கே அது விடுமுறை நாள்.

அப்புறம் நெப்போலியன். 1797இல் இத்தாலியை வென்றுகொண்டு வந்தவர், இந்தக் குடியரசின்மேல் மதிப்பு வைத்து, கணித மேதை காஸ்பார் மோன்ஜைத் தூது அனுப்பினார். வேண்டுமானால் எல்லையை விரித்துக்கொள்ள நிலம் தருகிறேன் என்பது சேதி. அந்நாட்டு அரசியல் தலைவர் அந்தோனியோ ஒனோஃப்ரி வழிகாட்ட, நட்புக்கு நன்றி சொல்லி, நிலம் மட்டும் வேண்டாம் என்றது சான் மரீனோ. அன்று வாங்கியிருந்தால், நெப்போலியன் வீழ்ந்ததும் நிலத்தைப் பறிகொடுத்தவர்கள் திரும்பி வந்திருப்பார்கள். நிலத்தோடு நாடும் போயிருக்கும் என்பது என் கருத்து. 1463இல் வகுத்த எல்லைதான் இன்றும். மொத்தம் 61 சதுர கிலோமீட்டர்.

1849இல் ஆஸ்திரியப் படை துரத்த, இத்தாலியை ஒன்றாக்கப் போராடிய கரிபால்டி தன் ஆட்களோடும் கர்ப்பிணி மனைவி அனீதாவோடும் சான் மரீனோ இருக்கும் டிட்டானோ மலையேறி வந்தபோது இடம் கொடுத்ததும் இவர்கள்தான். பிற்பாடு இத்தாலி ஒன்றானபோது இந்த நாட்டை விழுங்காமல் 1862இல் ஒப்பந்தம் போட்டது.

குறையே இல்லாத நாடு என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு தலைவர்கள், ஆறு மாதப் பதவி, முடிந்ததும் அவர்கள்மேல் குடிமக்கள் புகார் சொல்லும் வழக்கம் என்று நூற்றாண்டுகளாக நடத்தியவர்கள், பெண்களை 1960கள் வரை தேசியத் தேர்தலில் ஓட்டுப் போட விடவில்லை. வருத்தமான விஷயம்தான்.

ஆனால் உங்கள் கட்டுரை தொடாமல் விட்டது 1944ஐ. இரண்டாம் உலகப் போரின் போர்முனை பக்கத்து இத்தாலிய நகரமான ரிமினியை நெருங்கியபோது, சுமார் 15,000 பேர் மட்டுமே வாழ்ந்த நடுநிலை நாட்டுக்குள் ஏறக்குறைய ஒரு லட்சம் அகதிகள் வந்து சேர்ந்தார்கள். ஜூன் 26 அன்று பிரிட்டிஷ் விமானங்கள் அந்நாட்டின்மேலேயே குண்டு வீசின. பலர் செத்தார்கள், ரயில் பாதை சிதைந்தது. ரிமினிக்குப் போய்வர 1932இல்தான் திறந்திருந்த பாதை அது. ஓடாத அந்த ரயிலின் சுரங்கங்களுக்குள்தான் மக்கள் குடும்பம் குடும்பமாகத் தங்கினார்கள். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் படுக்கை, சமையல், குழந்தைகள் என்று நினைத்துப் பாருங்கள். தலைக்கு ஆறேழு பேரைத் தாங்கிய அந்த ஜனங்கள் கதவைச் சாத்தவில்லை.

இதை ஒரு தனிக் கட்டுரையாகவே வெளியிடலாம். அதற்கு இடம் இல்லையென்றாலும் சரி, உங்கள் கட்டுரையோடு வந்த, சான் மரீனோவின் மூன்று கோபுரங்கள் உள்ள படத்தின் கீழே "இத்தாலியின் மலை நகரம்" என்று போட்டிருப்பதை அடுத்த இதழில் கட்டாயம் திருத்துங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்