கணக்கில் சேராத 14 வரிகள்

ரீச்சருக்கும், கூட நின்ற எல்லோருக்கும்,

ஜேர்மனியில் வதிவிட அனுமதித் தாள் கைக்கு வந்து இன்றைக்கு நாலாம் நாள். யாருடைய தாள், எத்தனை மாதப் பதகளிப்பு என்பதெல்லாம் இதை வாசிக்கிற உங்களுக்குத் தெரியும். திரும்பச் சொல்லவில்லை. ஆறுதலாக எழுதலாம் என்று வைத்தால் அடுத்த ஆளின் கேஸ் வந்துவிடும், நன்றி பின்னுக்குப் போய்விடும். அதனால்தான் இந்த அவசரம்.

முதல் நன்றி லோயருக்குத்தான் போகும் என்று நினைத்திருப்பீர்கள். அவருக்கும் வருகிறோம். முதல் நன்றி, பிறப்புச் சான்றிதழை டொச்சுக்கு, அதாவது ஜேர்மன் மொழிக்கு, மாற்றித் தந்த ரீச்சருக்கு. சனிக்கிழமைகளில் தமிழ்ப் பாடசாலையில் பிள்ளைகளுக்கு அ, ஆ எழுதப் பழக்குகிறவர், மற்ற நாட்களில் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர். பெயர் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அவர் செய்தது சின்ன விசயம். மொழிபெயர்ப்பின் கடைசிப் பக்கத்தில், வட்ட முத்திரைக்கு மேலே, 'மொழிபெயர்ப்பாளரின் குறிப்பு' என்று தலைப்புப் போட்டு 14 வரி எழுதினார். அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை. இங்கே மொழிபெயர்ப்புக்கு வரிக்கணக்கில்தான் கூலி, 55 எழுத்து ஒரு வரி. பில்லை எடுத்து எண்ணிப் பார்த்தோம். அந்த 14 வரியும் அதில் இல்லை.

அந்த வரிகளின் பெறுமதி, டுல்டுங்கோடு (நாடு கடத்தலைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கிற தாளோடு) ஜேர்மனியில் வருடக்கணக்காக இருந்தவர்களுக்கு உடனே விளங்கும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறோம்.

தமிழ்ப் பெயரை உத்தியோகபூர்வமாக ஆங்கில எழுத்துக்கு மாற்ற ஐஎஸ்ஓ 15919 என்று ஒரு முறை இருக்கிறது. கடவுச்சீட்டு கையில் இல்லாதபோது இங்குள்ள அலுவலகங்கள் அந்த முறைப்படி மாற்றிய பெயரையே கேட்கும். அது ஒலியைப் பார்க்காது, எழுத்தைத்தான் பார்க்கும். நமக்கு ககரம் ஒன்றுதான். கண்ணனுக்கும் அதுதான், கணேசனுக்கும் அதுதான். ஆகவே கடவுச்சீட்டில் 'ஜி'யில் தொடங்கும் கணேசன், மொழிபெயர்ப்பில் 'கே'யில் தொடங்குவார். நடுவில் வரும் சகரம் 'சி' ஆகும். தங்கராசாவின் பாடு இன்னும் மோசம். ஊர் வழக்கப்படி 'ரி-எச்'சில் தொடங்கி, நடுவில் 'ஜி'யும் 'ஜே'யும் வந்து, கடைசியில் ஒரு 'எச்'சோடு முடிகிற பெயர், ஐஎஸ்ஓ முறையில் வெறும் 'ரி'யில் தொடங்கி, நடுவில் 'கே'யும் 'சி'யும் வாங்கி, தலையில் கோடு போட்ட 'ஏ'யில் முடியும். டொச் வாசிக்கிறவருக்கு 'ஏ'க்கு முன்னால் வரும் 'சி' ககர ஒலி. தங்கராசா அவருடைய வாயில் தங்கராகா. ஜெயந்தன் யெயந்தன் ஆவது எல்லோருக்கும் பழகின பகிடி, ஏனென்றால் டொச்சில் 'ஜே' யகரம். கேட்டதைக் கேட்டபடி இன்னொரு அலுவலர் பதிந்தால் மூன்றாவது எழுத்துக்கூட்டல் பிறந்துவிடும்.

இதோடு முதற்பெயர், குடும்பப்பெயர் சிக்கலும் சேரும். யாழ்ப்பாணத்தில் முன்னால் நிற்பது தகப்பனின் பெயர். இங்கே படிவத்தில் இரண்டு கட்டம், குடும்பப்பெயர் கட்டத்தை வெறுமையாக விட முடியாது. ஒருவர் தகப்பன் பெயரை அதில் போடுவார், அடுத்தவர் தன் சொந்தப் பெயரைப் போடுவார். ஒரே வீட்டில் தகப்பனுக்கு ஒன்று, தாய்க்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று என்று மூன்று குடும்பப்பெயர். நமக்கு அது இயல்பு. கோப்பைத் திறக்கிறவருக்கு அது சந்தேகம்.

சந்தேகம் என்றால் சும்மா இல்லை. சாதாரண டுல்டுங்கே 'வதிவிட அனுமதி அல்ல! வைத்திருப்பவர் நாட்டை விட்டு வெளியேறக் கடமைப்பட்டவர்!' என்று ஆச்சரியக்குறி போட்டு அச்சடித்த தாள். அடையாளம் தெளிவில்லை என்று முடிவெடுத்து, அது உங்கள் பிழை என்றும் சொன்னால், வதிவிடச் சட்டத்தில் 2019 ஆகஸ்டில் கொண்டுவந்த பரகிராப் 60பி, இன்னும் இறுக்கமான டுல்டுங், இருக்கிறது. அதில் விழுந்தால் வேலை செய்ய முடியாது, சொன்ன இடத்தில்தான் இருக்க வேண்டும், இருந்த காலமும் வதிவிட அனுமதிக்குப் பெரும்பாலும் கணக்கில் வராது.

2022 டிசம்பர் 31 இல் நடைமுறைக்கு வந்த 18 மாத 'ஷான்சன்' (வாய்ப்பு) விசா அந்த வருடம் ஒக்டோபர் 31 அன்று ஐந்து வருடம் இங்கே இருந்து முடித்த டுல்டுங்காரருக்கு; 2025 டிசம்பரோடு அதற்கு விண்ணப்பிக்கிற காலம் முடிந்தது. அதை எடுக்க அடையாளம் நிரூபிக்கத் தேவை இருக்கவில்லை. ஆனால் அந்த 18 மாதத்தை நீட்டிக்க முடியாது. அதற்குள் அடையாளத்தைத் தெளிவாக்கி, வருமானத்தின் பெரும்பகுதியைத் தானே உழைத்து, ஏ2 என்ற ஆரம்ப அளவில் டொச் கதைத்துக் காட்டி, பரகிராப் 25பி-க்கு, அதாவது இங்கே நன்றாக இணைந்து வாழ்கிறவர்களுக்கான வதிவிட அனுமதிக்கு, தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் திரும்ப டுல்டுங். 2024 பெப்ரவரிக்குப் பிறகு, 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள குடும்பங்களைத் தவிர மற்றவர்களுக்கு, நாடு கடத்தப் போவதை முன்கூட்டிச் சொல்ல வேண்டிய கடப்பாடும் இல்லை. 2021 மார்ச் 30 அன்று டுசுல்டோர்ப்பிலிருந்து தமிழர்களை ஏற்றிக்கொண்டு பறந்த விமானத்தை நம்மில் மறந்தவர் கிடையாது. ஒரு 'ஜி'க்கும் 'கே'க்கும் இடையில் இவ்வளவும் தொங்குகிறது.

ரீச்சர் என்ன எழுதினார் என்று பார்ப்போம். தமிழில் க, ச, ட, த, ப என்ற ஐந்து எழுத்தும் இடத்துக்கேற்ப வல்லொலியாகவும் மெல்லொலியாகவும் ஒலிக்கும், எழுத்தில் வேறுபாடு இல்லை என்று முதல் நாலு வரி. அதனால் மேலே ஐஎஸ்ஓ முறையில் தந்த பெயரும், தன்னிடம் காட்டிய கடவுச்சீட்டுப் பிரதியில் இருக்கும் பெயரும் ஒரே தமிழ்ப் பெயரின் இரண்டு எழுத்துக்கூட்டல்கள் என்று அடுத்த மூன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்துக்கு எழுத்து எது எதுவாகிறது என்று காட்டினார். பிறகு, முன்னால் நிற்பது தகப்பனின் சொந்தப் பெயர், பரம்பரையாக வரும் குடும்பப்பெயர் இந்த மரபில் இல்லை, ஆகையால் தகப்பனும் மகனும் வேறு வேறு 'குடும்பப்பெயரோடு' இருப்பது முரண் அல்ல என்றார். கடைசி வரி திகதிக்கு. ஊர்ச் சான்றிதழில் திகதி சொல்லால் எழுதப்பட்டிருப்பதால் நாளும் மாதமும் இடம் மாறியிருக்க வாய்ப்பில்லை. யாருக்காகவும் அவர் மன்றாடவில்லை, மனிதாபிமானம் என்ற சொல்லே அதில் இல்லை. மொழியைப் பற்றி மட்டும் எழுதினார். அதுதான் வேலை செய்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அந்த வரிகளைப் பென்சிலால் கோடிட்டு, பக்கத்தைப் பிரதி எடுத்துக் கோப்பின் மேலே வைத்தார்.

கடவுச்சீட்டில் உள்ளபடியே மாற்றித் தாருங்கள் என்று மொழிபெயர்ப்பாளரிடம் கெஞ்சுகிற பழக்கம் நம்மவரிடம் இருக்கிறது. சத்தியம் செய்தவரால் அது முடியாது. செய்தாலும் அடுத்த அலுவலகத்தில் தமிழ் மூலத்தோடு ஒப்பிட்டால் பிடிபடும், பிறகு நேர்மையான தாளையும் நம்ப மாட்டார்கள். மேலே ஐஎஸ்ஓ, கீழே குறிப்பு: அதுதான் வழி. மொழிபெயர்க்கக் கொடுக்கும்போதே கடவுச்சீட்டு அல்லது பழைய அடையாள அட்டை, டுல்டுங், கல்யாணப் பதிவு எல்லாவற்றின் பிரதியும் சேர்த்துக் கொடுங்கள். இல்லாததைப் பற்றி அவர் குறிப்பு எழுத முடியாது. இன்னொன்று: மொழிபெயர்ப்பின் மூலையை மடித்து ஸ்டேப்பிளர் ஊசி அடித்து, பாதி மடிப்பிலும் பாதி கீழ்த்தாளிலும் விழ முத்திரை குத்தியிருக்கும். பிரதி எடுக்கிற அவசரத்தில் அந்த ஊசியைக் கழற்றாதீர்கள். கழற்றினால் அது வெறும் கடதாசி.

மற்றவர்களையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். மனுவை விசா முடிய முன்னரே எழுத்தில் கொடுத்து, கிடைத்ததற்கு அத்தாட்சியும் வாங்கி வைத்த லோயருக்கு நன்றி. இலங்கைத் தூதரகத்துக்குப் போன நாள், அனுப்பிய பதிவுத் தபால், கிடைக்காத பதில் எல்லாவற்றையும் திகதி வரிசையில் அடுக்கச் சொன்னவரும் அவரே. கடவுச்சீட்டு வராமல் போனாலும், செய்யக்கூடியதை எல்லாம் செய்தோம் என்று காட்ட அந்த அடுக்குத்தான் உதவும். தஞ்சக் கேஸ் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறவர்கள் லோயரைக் கேட்காமல் பேர்லின் தூதரகத்துக்குப் போகவேண்டாம் என்று ஒவ்வொரு தடவையும் அவர் தொண்டை கிழியச் சொல்வதையும் இங்கே பதிகிறோம். மணித்தியாலமும் மொத்தச் சம்பளமும் தெளிவாகப் போட்டு வேலை ஒப்பந்தம் எழுதிய பேக்கரி முதலாளிக்கு நன்றி. முதல் கொடுத்த மருத்துவக் கடிதம் போதாது என்றதும், நோயின் ஐசிடி என்ற சர்வதேசக் குறியீட்டு இலக்கம், எப்படிப் பரிசோதித்தார், எவ்வளவு கடுமை, மருந்தின் பெயர், மருந்து நின்றால் என்ன நடக்கும் என்று திரும்ப எழுதித் தந்த டொக்டருக்கும் நன்றி. உளவளத் துணையாளரின் கடிதம் எவ்வளவு உண்மையாக இருந்தாலும் மருத்துவரின் கையெழுத்து இல்லாமல் அங்கே எடுபடாது. ஊரில் பிரதேச செயலகத்துக்கு மூன்று தரம் அலைந்து சான்றிதழின் புதுப் பிரதி எடுத்து அனுப்பிய சித்திக்கு நன்றி. சமைத்தவர்கள், பிள்ளைகளைப் பார்த்தவர்கள், ரெலிபோனில் இரவு ஒரு மணிக்கும் எடுத்தவர்கள் எல்லோருக்கும் நன்றி.

ஹைம் (அகதிகள் விடுதி) காவலாளிக்கு ஒரு வரி கூட வேண்டும். மஞ்சள் கடித உறையை யாரும் குப்பையில் போடாமல் பார்த்துக்கொண்டவர் அவர். கடிதம் ஒப்படைத்த நாளைத் தபால்காரர் உறையின் மேல்தான் எழுதுவார். இரண்டு கிழமைத் தவணையோ ஒரு கிழமைத் தவணையோ, ஓடத் தொடங்குவது அந்தத் திகதியிலிருந்து. உள்ளே இருக்கும் கடிதத்தில் வேறு திகதி இருக்கும். அதைப் பார்த்து எண்ணினால் கணக்கே பிழைத்துவிடும்.

இனி ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு, பாடசாலையின் பின் அறையில் மேசை போடுகிறோம். பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு, டுல்டுங், கல்யாணப் பதிவு, சம்பளத்தாள், காப்புறுதி அட்டை என்று ஆறையும் கொண்டுவாருங்கள். பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு, மாறுகிற இடத்தைச் சிவப்பில் வட்டமிட்டுத் தருவோம். அலுவலகம் கண்டுபிடிக்க முன்னர் நாங்கள் கண்டுபிடிக்க வேண்டும். ரீச்சரின் குறிப்பைப் பிரதி எடுத்து இன்னொருவரின் மொழிபெயர்ப்பில் ஒட்டுகிற வேலையை யாரும் செய்யாதீர்கள். ஒவ்வொன்றும் அவரவர் பெயருக்கு, அவருடைய முத்திரையோடு எழுதப்பட வேண்டியது.

ரீச்சர், ஒரு வேண்டுகோள். அடுத்த மாதத்துக்கு மூன்று குடும்பம் இப்போதே வரிசையில் நிற்கிறது. குறிப்பு வரிகளையும் எண்ணிப் பில்லில் போடுங்கள். போடாவிட்டால் 14 வரிக்குரிய காசைப் பாடசாலை உண்டியலில் போட்டுவிட்டு, ரசீதை உங்கள் மேசையில் வைப்போம். அப்போது கோபிக்கக்கூடாது.

அன்போடும் நன்றியோடும்,
ஞாயிறு மேசையில் இருப்பவர்கள்