கொச்சினீல் சிவப்பு பூச்சியின் ரத்தம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இயற்கைச் சாயப் பட்டு பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில், கொச்சினீல் (கள்ளிச்செடியில் வாழும் ஒரு சிறு பூச்சி) சிவப்புச் சாயம் 'பூச்சியின் ரத்தத்தில் இருந்து எடுப்பது', 'துளியும் ரசாயனம் கலக்காதது' என்று எழுதியிருந்தது. நகரியில் நெசவுக் குடும்பத்தில் பிறந்து இருபது வருடமாகச் சாயத் தொட்டியோடு இருப்பவன் நான். இரண்டுமே தவறு.

அது ரத்தம் அல்ல, கார்மினிக் அமிலம். சப்பாத்திக்கள்ளியில் (தெலுங்கில் நாகஜெமுடு) ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் பெண் பூச்சி, எறும்பு போன்றவை தன்னைத் தின்னாமல் இருக்க உடம்பிலேயே தயாரித்துச் சேர்த்துவைக்கிற பொருள் அது, காய்ந்த பூச்சியின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதுதான். காய்ந்த பூச்சி ஒரு கிலோ சேர சுமார் 1.5 லட்சம் பூச்சிகள் வேண்டும், பெரும்பாலும் பெரு நாட்டிலிருந்து வருகிறது.

சரி, ரசாயனத்துக்கு வருகிறேன். அந்த அமிலத்தைத் தண்ணீரில் கரைத்து வெறும் நூலை முக்கினால் நிறம் சரியாகப் பிடிக்காது. பட்டு நூலை முதலில் படிகாரத்தில் ஊறவைக்க வேண்டும், அதிலுள்ள அலுமினியம்தான் இழையையும் சாயத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது, அப்போதுதான் அந்த ஆழ்ந்த சிவப்பு கிடைக்கும். வெள்ளீய உப்பு போட்டால் தீக்கொழுந்து மாதிரி பளிச்சென்று வரும், இரும்பு உப்பு என்றால் கருத்த ஊதா. தொட்டியில் புளிப்பு ஏறினால் ஆரஞ்சுப் பக்கம் சாயும், சலவைச் சோடா ஏறினால் ஊதாவாகும். இத்தனையும் ரசாயனம்தானே? 'ரசாயனம் இல்லை' என்று நம்பி வாங்கிய ஒரு அம்மா சோடாத் தண்ணீரில் ஊறவைத்துவிட்டு, நிறம் மாறிய சேலையோடு வந்து எங்களிடம் அழுதார்.

எங்கள் மலையோரக் கள்ளியில் வெள்ளைப் பஞ்சு மாதிரி இருப்பதை நசுக்கினால் விரல் சிவக்கும், இங்கேயே வளர்க்கலாமே என்று பையன்கள் கேட்கிறார்கள். அது கள்ளியை ஒழிப்பதற்காக 1926-ல் இலங்கையிலிருந்து கொண்டுவந்த வேறு பூச்சி இனம், சாயத்துக்கானது அல்ல. அதற்கும் முன்னால், 1795-ல் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில், நல்ல கொச்சினீல் என்று நம்பி இறக்கியதும் வேறு இனமாகப் போய், சாயம் தேறாமல் கள்ளியைத்தான் தின்று தீர்த்தது.

அடுத்த முறை எந்த உப்பு போட்டது, எப்படித் துவைப்பது என்பதையும் எழுதுங்கள். பூச்சியைக் கொன்றுதான் எடுக்கிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அது வேண்டாம் என்கிறவர்களுக்கு சிவப்புச் சாயம் தரும் செடி வேர்களான மஞ்சிட்டியும் நம் கடற்கரையோரச் சாயவேரும் இருக்கின்றன, அவற்றுக்கும் படிகாரம் வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு நெசவுத் தொழிலாளி,
நகரி, ஆந்திரம்