தெருவில் திரிகிறவரும் ஸ்டேஷன் ரைட்டரும்: ஒரு திறந்த மடல்

மதுரை மாநகரிலும் மாவட்டத்திலும் போலீஸ் ஸ்டேஷனில் புகாரும் பதிவேடும் எழுதும் ரைட்டர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும்,

வணக்கம். நானும் அந்த நாற்காலியில் பல வருஷம் உட்கார்ந்து எழுதி ஓய்வு பெற்றவன்தான். இன்ஸ்பெக்டர்களை விட்டுவிட்டு உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்பது உங்களுக்கே தெரியும். ஸ்டேஷனுக்கு வருவதில் எது பதிவேட்டில் ஏறும், எது வாய்ப்பேச்சோடு போய்விடும் என்பது பாதிக்கு மேல் ரைட்டர் கையில்தான் இருக்கிறது. கையெழுத்துப் போடுவது ஐயா. காகிதத்தை அவர் முன்னால் கொண்டுபோய் வைப்பது நீங்கள்.

மனநிலை சரியில்லாமல் தெருவில் திரிகிறவர்களைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். மாட்டுத்தாவணி, பெரியார் நிலையம், ஆரப்பாளையம், சிம்மக்கல், யானைக்கல் என்று உங்கள் லிமிட்டில் இப்படி ஓர் இடம் இருந்தால் போன் வந்துகொண்டேதான் இருக்கும். 'ஒருத்தர் சட்டை இல்லாம ரோட்டு நடுவுல நிக்கிறாரு.' 'ஒரு அம்மா மூணு நாளா கடை வாசல்லயே உட்கார்ந்திருக்கு, தனியாப் பேசுது.' ரோந்துக் காவலர் போய்ப் பார்ப்பார். ஆள் பலமில்லாத நாளில், எந்த ஊர் போலீஸாக இருந்தாலும், கை தானாகப் போவது சுலபமான வழிக்குத்தான்: பக்கத்து லிமிட்டுக்கு நகர்த்தி விடுவது, இல்லையென்றால் கண்டக்டரிடம் சொல்லி ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏற்றி விடுவது. நாலுவழிச் சாலையில் ராத்திரி தனியாக நடக்கிறவருக்கு என்ன ஆகும் என்பதை, 'அடையாளம் தெரியாத ஆண் பிரேதம், வயது சுமார் 45' என்று எழுதிப் பழகிய கைகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சட்டம் தெரியாததால் இது நடக்கிறது என்று சிலர் சொல்வார்கள். பழைய சட்டம் மனதில் தங்கிவிட்டதுதான் காரணம் என்பேன் நான். 1987ஆம் வருஷத்துச் சட்டப்படி, இப்படி ஒருவரை அழைத்து வந்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். அவர் உத்தரவு போட்டால், இங்கிருந்து எஸ்கார்ட் போட்டு சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை வரை கொண்டுபோக வேண்டியிருக்கும். பெண் என்றால் பெண் காவலர் வேறு தேட வேண்டும். ரெண்டு நாள் வேலை. அதை நினைத்தே கண்டும் காணாமல் போனவர்கள் உண்டு.

2017இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2018இல் அமலானபோது இந்த வரிசையையே மாற்றிவிட்டது. அதன் 100ஆம் பிரிவை ஒரு தடவை பொறுமையாகப் படியுங்கள். தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் மனநோயோடு திரிகிறவரைப் பாதுகாப்பில் எடுப்பது ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியின் கடமை. ஏன் அழைத்துப் போகிறோம் என்பதை அவரிடமே சொல்ல வேண்டும். அவருக்குப் புரியாது என்று தோன்றினால், அவருக்காக முடிவெடுக்க உதவும் நியமனப் பிரதிநிதியிடம் சொல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள் பக்கத்தில் உள்ள அரசு மருத்துவமனையில் காட்ட வேண்டும். முதலில் கோர்ட்டு என்பது போய், முதலில் ஆஸ்பத்திரி என்று ஆகிவிட்டது. நமக்கு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலேயே, அதாவது பெரியாஸ்பத்திரியிலேயே, மனநலப் பிரிவு இருக்கிறது, கீழ்ப்பாக்கம் போக வேண்டியதில்லை. எந்தக் காரணத்துக்காகவும் லாக்கப்பில் வைக்கக் கூடாது, ஜெயிலுக்கும் அனுப்பக் கூடாது. 'மழையா இருக்கு, ராத்திரி மட்டும் உள்ளே படுக்கட்டும்' என்ற நல்ல எண்ணத்துக்கும் அதில் இடமில்லை. அட்மிஷன் தேவையில்லை என்று டாக்டர் சொன்னால் வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். வீடில்லாதவர் என்றால் வீடற்றோருக்கான அரசு இல்லத்தில் சேர்க்க வேண்டும்.

ரைட்டருக்கு முக்கியமான வரி அதே பிரிவின் கடைசியில் இருக்கிறது. வீடில்லாமல் திரிகிறவர் என்றால், காணாமல் போனவர் என்று எப்.ஐ.ஆர். போட்டு, குடும்பத்தைத் தேடித் தகவல் சொல்ல வேண்டும். 'ஆள்தான் கண்ணு முன்னால இருக்காரே, அப்புறம் எதுக்குக் காணாமல் போனவர்னு கேஸ்?' என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். அவருடைய வீட்டார் ஏதோ ஓர் ஊர் ஸ்டேஷனில் போட்டோ கொடுத்துப் புகார் எழுதிவிட்டுக் காத்திருப்பார்கள். இங்கே அவரைப் பற்றி ஒரு துண்டுக் காகிதமும் இல்லையென்றால் அந்தப் புகாரோடு எதை ஒப்பிடுவது? எப்.ஐ.ஆர். போட்டு, போட்டோவையும் அங்க அடையாளத்தையும் கம்ப்யூட்டரில் ஏற்றினால்தான் இரண்டும் சந்திக்க வழியுண்டு. ஆஸ்பத்திரிக்காரர்கள் 'யார் கொண்டு வந்தது' என்று கேட்டால் காட்டவும், பிறகு இல்லத்தில் சேர்க்கவும் அதே காகிதம்தான்.

குடும்பத்தைத் தேடுவதும் நினைக்கிற அளவுக்கு மலைப்பான வேலையில்லை. ஒரு ஸ்டேஷனில் பார்த்ததைச் சொல்கிறேன், எந்த ஸ்டேஷன் என்பது வேண்டாம். ஐம்பது வயசு இருக்கும் ஓர் அம்மா. பேர் கேட்டால் ஒரு பேர், மறுபடி கேட்டால் வேறு பேர். ஊர் கேட்டால் சிரிப்பு. எஸ்.ஐ. கேட்டார், ஏட்டு கேட்டார், குரல் உசந்ததுதான் மிச்சம். ஸ்டேஷனில் புதிதாகச் சேர்ந்த பெண் காவலர் ஒருவர் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, பெஞ்சில் பக்கத்திலேயே உட்கார்ந்தார். ஊரைக் கேட்கவே இல்லை. 'அம்மா, உங்களுக்குக் குலசாமி எது?' என்றார். அந்த அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சாமி பேரைச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டார். 'மாசிப் பச்சைக்குப் பெட்டி தூக்குவாகள்ல, எங்க சின்னையாதான் முன்னால போவாரு' என்றார். மாசிப் பச்சை உசிலம்பட்டிப் பக்கத்துச் சாமி கும்பிடு என்று அப்போதே ஏட்டுக்குப் பிடிபட்டுவிட்டது. இடது முழங்கையில் பச்சை குத்தியிருந்த பேரையும் சேர்த்து அங்கே உள்ள ஸ்டேஷனுக்குச் சொன்னார்கள். மறுநாள் மதியம் தம்பிக்காரர் பெரியாஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார். சின்னையாவைப் பற்றிக் கேட்காமல், ஆதார் இருக்கா என்று கேட்டிருந்தால் இன்னமும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். முந்தானை முடிச்சில் உள்ள பழைய டிக்கெட், பையில் கசங்கிக் கிடக்கும் மருந்துச் சீட்டு, பேச்சின் இழுவை, எல்லாவற்றையும் பாருங்கள். தமிழ் வராதவர் என்றால், ரயில்வே ஸ்டேஷன் பக்கம் வடமாநிலத் தொழிலாளி ஒருவரிடம் போனைக் கொடுங்கள், அவர் பேசிப் பார்க்கட்டும்.

சிகிச்சைச் செலவு பற்றிக் கவலை வேண்டாம். ஆதரவற்றவருக்கும் வீடில்லாதவருக்கும் கார்டு இல்லாவிட்டாலும் இலவசம் என்று அதே சட்டத்தின் 18ஆம் பிரிவு சொல்கிறது.

கேஸாகிவிட்டவர்கள் விஷயம் தனி. பஸ் கண்ணாடியில் கல் விட்டவர், கடையில் பழத்தை எடுத்துக்கொண்டு நடந்தவர், ராத்திரி யார் வீட்டுத் திண்ணையிலோ படுத்ததால் 'சந்தேக நபர்' ஆனவர். சந்தேக நபரிடம் நன்னடத்தைப் பிணை கேட்கும் பழைய 109ஆம் பிரிவில், இப்போதைய 128இல், பெட்டி கேஸ் (சில்லறை வழக்கு) கணக்குக்கு இவர்களைச் சேர்ப்பது பாவம் என்பதைத் தவிர வேறு சொல்லத் தெரியவில்லை. நிஜமாகவே குற்றம் நடந்திருந்தாலும், செய்தது என்னவென்று அறியும் நிலையில் மனநோயால் அவர் இல்லாமலிருந்தால், அது குற்றமாகாது என்கிறது பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவு. தற்காத்துக்கொள்ள முடியாதவர் என்று சந்தேகம் வந்தால் விசாரணையை நிறுத்திப் பரிசோதனைக்கு அனுப்பவும், ஜாமீனில் விடவும், பழைய சி.ஆர்.பி.சி.க்குப் பதிலாக வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 367ஆம் பிரிவிலிருந்து வழி இருக்கிறது. ஆனால் ரிமாண்டுக்கு நிறுத்தும்போது மாஜிஸ்திரேட் ஆளைப் பார்ப்பது ரெண்டு நிமிஷம். அவர் கையில் இருப்பது நீங்கள் டைப் அடித்த ரிப்போர்ட். அதில் 'மனநல சிகிச்சை பெறுபவராகத் தெரிகிறது, மருந்துச் சீட்டு இணைப்பு' என்று ஒரு வரி இருந்தால் அவர் ஆஸ்பத்திரிக்குப் போவார். இல்லையென்றால் மத்திய சிறைக்கு. மாத்திரை நின்றுபோகும், ஜாமீன்தாரர் வரமாட்டார், அபராதத்தோடு முடிய வேண்டிய கேஸுக்கு மாசக்கணக்கில் உள்ளே. இலவச வக்கீல் உண்டு என்று அவரிடம் சொல்வதும் போலீஸ் கடமையாகவே சட்டத்தில் இருக்கிறது. கோர்ட்டு வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. போன் என்றால் 15100.

கிராமத்து ஸ்டேஷன்களுக்கு இன்னொன்று. 'பக்கத்து வீட்டுல மகனை மாட்டுக்கொட்டகையில சங்கிலி போட்டு வச்சிருக்காங்க' என்று தகவல் வந்தால், குடும்ப விஷயம் என்று விடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் செத்துப்போனார்கள். நம் ராமநாதபுரத்தில் நடந்தது. எந்த வடிவத்திலும் சங்கிலி கூடாது என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு சொல்கிறது. கொடுமையோ கவனிப்பின்மையோ தெரிந்தால் மாஜிஸ்திரேட்டுக்கு ரிப்போர்ட் அனுப்ப 101ஆம் பிரிவு இருக்கிறது. அந்த அப்பா அம்மாவும் பெரும்பாலும் வழி தெரியாமல்தான் கட்டியிருப்பார்கள். அவர்களிடம் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

கடைசியாக, இதைக் கமிஷனர் ஐயாவும் எஸ்.பி. ஐயாவும் படித்தால் அவர்களிடமும் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. சென்னையில் 2021இலிருந்து 'காவல் கரங்கள்' என்று இதற்கே தனி ஏற்பாடு நடக்கிறது. புதுக்கோட்டையில் அரசு ஆஸ்பத்திரியோடு சேர்ந்த மீட்பு மையம் இருக்கிறது. மதுரையில் 1992இலிருந்து செல்லமுத்து அறக்கட்டளை மனநல மறுவாழ்வு வேலை செய்கிறது. இவர்களோடு ஒரு நாள் உட்கார்ந்து பேசி, ராத்திரி 11 மணிக்கு யாரைக் கூப்பிடுவது, எந்த இல்லத்தில் இடம் இருக்கிறது என்பதை ஒரே தாளில் எழுதி எல்லா ஸ்டேஷனுக்கும் அனுப்புங்கள். வார்டில் துணைக்கு உட்கார வைக்கும் காவலருக்கு எட்டு மணி நேரத்தில் ரிலீவர் கட்டாயம் என்று அந்தத் தாளிலேயே போட்டுவிடுங்கள். ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன காவலர் ரெண்டு நாள் சாப்பாடு, மாற்றுத்துணி இல்லாமல் அங்கேயே கிடந்தால், அடுத்த போன் வரும்போது அவர் பஸ் ஸ்டாண்டைத்தான் பார்ப்பார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற எஸ்.எஸ்.ஐ. ஒருவர்,
மதுரை.