ஹெரால்டு காரும் எவர்சில்வர் போல்ட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு நம் நாளிதழில் பழைய கார் அணிவகுப்புப் படங்களைப் பார்த்தேன். அதில் ஒன்று, பானெட்டைத் திறந்து வைத்திருந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பெயின்ட் பிரமாதம், சீட் பிரமாதம். ஆனால் எஞ்சினைச் சுற்றி, தலையில் அறுகோணக் குழியுள்ள இந்தக் கால ஆலன் போல்ட்டுகள் எவர்சில்வர் டம்ளர் மாதிரி மின்னிக்கொண்டிருந்தன. கல்யாண வீட்டில் பட்டு வேட்டி கட்டி, காலில் விளையாட்டு ஷூ போட்டு வந்தவரைப் பார்த்ததுபோல் இருந்தது எனக்கு.

என்னிடமும் ஒரு ஹெரால்டு இருக்கிறது. 1966-இல் அப்பா வாங்கிய இரண்டு கதவு வண்டி, எங்கள் குரோம்பேட்டை வழியே போகும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையிலேயே வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் செய்தது. இந்த வண்டியில் பானெட் என்பது வெறும் மூடி அல்ல. இரண்டு மட்கார்டும் சேர்ந்து மொத்த முகமும் முன்பக்கமாகச் சாயும். முன்சக்கரம் வரை எல்லாம் வெட்டவெளி. அம்பாசடரில் ஒரு தப்பான போல்ட்டை எங்காவது ஒளித்துவிடலாம், ஹெரால்டில் வழியே இல்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையில் விட்டேன். டிங்கரிங் வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் கழற்றிய போல்ட், நட்டு அத்தனையையும் “எல்லாம் துரு சார், எதுக்கு” என்று எடைக்குப் போட்டுவிட்டார்கள். பதிலுக்கு மாட்டியது மில்லிமீட்டர் போல்ட். ஹெரால்டு அங்குலக் கணக்கு வண்டி. அதன் 5/16 அங்குல போல்ட் 7.94 மி.மீ.; பட்டறையில் மாட்டிய எம்-8 போல்ட் 8 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். சுற்றிச் செல்லும் திருகு வரியான மரைதான் வேறு. முன்னதில் அங்குலத்துக்கு 24 மரை, அதாவது ஒன்றுக்கொன்று 1.06 மி.மீ.; பின்னதில் 1.25 மி.மீ. இரண்டு சுற்று நல்ல பிள்ளையாக உள்ளே போகும், பிறகு இறுகும். பட்டறைப் பையன் ஸ்பேனரில் பைப்பைச் சொருகி முறுக்கியிருக்கிறான். மூன்று இடங்களில் மரையே போய்விட்டது. ஓட்டையைப் பெரிதாக்கி உள்ளே புது மரைக்காகக் கம்பிச் சுருள் வைத்துச் சரி செய்ய வேண்டியதாயிற்று. மரை கழண்டது காருக்கா எனக்கா என்று வீட்டில் கேட்டார்கள்.

எவர்சில்வர் போல்ட் துருப்பிடிக்காது என்பது உண்மைதான். ஆனால் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ‘ஏ2-70’ ரகத்தின் இழுவலிமை 700 மெகாபாஸ்கல், எஃகில் ‘8.8’ என்று குறித்தது 800. போதாக்குறைக்கு, எவர்சில்வர் போல்ட்டும் எவர்சில்வர் நட்டும் சேர்ந்தால் இறுக்கும்போதே ஒன்றோடொன்று கடித்துக்கொண்டு அறுத்தால்தான் வரும் என்ற நிலைக்குப் போய்விடும். சஸ்பென்ஷனிலும் ஸ்டீயரிங்கிலும் அதை மாட்டுவதற்கு எனக்குத் துணிச்சல் இல்லை.

பிறகு நானே உட்கார்ந்தேன். பழைய கார் உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் இரண்டு மாதம் அலைந்து, அறுகோணத் தலையுள்ள பழைய அங்குல போல்ட்டுகளைக் கை நிறைய பொறுக்கினேன். 1/2 அங்குல ஸ்பேனரைப் பையிலேயே வைத்திருந்தேன்; 5/16 போல்ட்டின் தலை அதில் கச்சிதமாக உட்கார வேண்டும், எம்-8 போல்ட்டின் 13 மி.மீ. தலை நுழையவே நுழையாது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, அம்பத்தூரில் சிங்க் முலாம் பூசக் கொடுத்தேன். அந்தக் காலத்து காட்மியம் முலாம் நச்சு என்பதால் இப்போது அதைத் தேட வேண்டியதில்லை. மஞ்சள் பாலிஷ் வேண்டாம், வெறும் வெள்ளை போதும் என்று சொன்னேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆறு மாதத்தில் அது மங்கி, அப்பா காலத்து நிறத்துக்கு வந்துவிட்டது. (குரோம்பேட்டைக்காரன் முலாம் பற்றிப் பேசுவது பொருத்தம்தான், எங்கள் ஊருக்குப் பெயர் தந்தது தோல் பதனிடும் குரோம் என்றாலும்.)

பழையதை எல்லா இடத்திலும் மாட்டினேன் என்று நினைக்க வேண்டாம். கண்ணில் படும் ரேடியேட்டர், பேட்டரித் தட்டு, பானெட் கீல் இவற்றுக்குப் பழசு. பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷனுக்குப் புதிய அங்குல போல்ட், அதுவும் தலையில் பொறித்த வலிமைக் குறியோடு. அந்தக் குறி அழகைக் கெடுக்கிறது என்று அரத்தால் தேய்த்து அழிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்த மெக்கானிக் அதைப் பார்த்துத்தானே எது எங்கே போகும் என்று முடிவு செய்வார்?

2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 ஆண்டு தாண்டி அசல் உருவில் இருக்கும் வண்டிக்கு ‘விஏ’ எழுத்துடன் தனிப் பதிவு எண் உண்டு. சேஸிஸ், பாடி, எஞ்சினை மாற்றியிருக்கக் கூடாது. போல்ட் பற்றி அதில் பேச்சில்லை, வேண்டவும் வேண்டாம், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் யார் நின்று நட்டு எண்ணுவது? ஆனால் கண்காட்சியில் பரிசு கொடுக்கும் நடுவர்கள் ஒரு நிமிடம் குனிந்து பார்க்கலாம்.

என் வண்டிக்கு இன்னும் பதினோரு போல்ட் தேறவில்லை. வாசகர்கள் யார் வீட்டுப் பரணிலாவது தாத்தாவின் ஹார்லிக்ஸ் பாட்டிலில் துருப்பிடித்த நட்டு போல்ட் கிடந்தால், காயலான் கடைக்குப் போடுமுன் தெருவில் பழைய கார் வைத்திருப்பவரைக் கூப்பிட்டு ஒரு தடவை கொட்டிக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
ஹெரால்டு வைத்திருக்கும் ஒரு வாசகர்,
குரோம்பேட்டை, சென்னை.